அல்சர் என்று சொல்லப்படுவதும் அல்சரும்

வயிற்றுப்புண் என்பது இரைப்பையின் உட்சுவரிலோ, இரைப்பையை அடுத்துத் தொடங்கும் முன்சிறுகுடலிலோ விழும் பள்ளம். உட்படலத்தை அரித்து, அதன் அடியில் இருக்கும் மெல்லிய தசை அடுக்கையும் தாண்டி இறங்கியிருந்தால்தான் அதற்குப் புண் என்று பெயர். பெரும்பாலும் அரை சென்டிமீட்டராவது அகலம் இருக்கும். மேலாகச் சிவந்து கிடப்பதை அழற்சி என்றும், மேல்தோல் மட்டும் உரிந்திருப்பதை அரிப்பு என்றும் மருத்துவர்கள் தனியாகக் குறிப்பார்கள். ஆங்கிலத்தில் அல்சர் என்று எழுதுவது பள்ளம் விழுந்ததை மட்டும்தான்.

மங்கலத்தில் அந்தச் சொல்லுக்கு எல்லையே கிடையாது. திருப்பூருக்கு மேற்கே நொய்யல் கரையோரம் தறிக்குடோன்களும் பனியன் கம்பெனிகளுமாக இருக்கும் இந்த ஊரில் நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம், உப்புசம், காலையில் வரும் குமட்டல், பித்தப்பைக் கல், சில நேரம் மாரடைப்பு வரைக்கும் எல்லாமே அல்சர்தான். "எனக்குப் பத்து வருசமா அல்சர் இருக்குதுங்க" என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் ஒரு முறைகூடக் குழாய் விட்டு எண்டோஸ்கோப்பி பார்த்திருக்க மாட்டார்கள். எப்படி வந்தது என்று கேட்டால் காரணமும் தயாராக இருக்கும்: ஒன்றரை ஷிப்டு, நேரத்துக்குச் சோறு இல்லை, காரம் அதிகம். இந்தப் பழக்கத்தால் இரண்டு தரப்புக்கும் நட்டம். புண்ணே இல்லாதவர் வருடக்கணக்கில் மாத்திரை விழுங்குகிறார். நிஜமாகவே புண் இருப்பவரோ அதைத் தன் சாப்பாட்டுப் பழக்கத்துக்குக் கிடைத்த தண்டனையாக எடுத்துக்கொண்டு, இரண்டு வாரச் சிகிச்சையில் தீரக்கூடிய நோயைக் காலமெல்லாம் சுமக்கிறார்.

புண் எப்படி விழுகிறது என்று புரிய, அது எப்படி விழாமல் இருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். இரைப்பை ஒரு நாளில் ஒன்றரை லிட்டருக்குக் குறையாமல் செரிமான நீரைச் சுரக்கிறது. அதில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். சாயப்பட்டறையில் வேலை பார்த்தவர்களுக்கு பி.எச். பார்ப்பது அன்றாட வேலை: சுத்தமான தண்ணீர் 7, எண் இறங்க இறங்க அமிலம் கூடும். வெறும் வயிற்றில் இரைப்பை நீரின் அளவு 1க்கும் 2க்கும் நடுவில் நிற்கும். அதோடு புரதத்தை வெட்டும் பெப்சினும் சேர்ந்துகொள்கிறது. ஆட்டுக்கறியைச் சில மணி நேரத்தில் கூழாக்கும் இந்தக் கலவை, அதே தசையால் ஆன தன் பையைத் தின்றுவிடாமல் இருப்பதுதான் ஆச்சரியம்.

அதற்குச் சில காவல்கள் இருக்கின்றன. சுவரின் மேல் பசை போல ஒரு சளிப்படலம் படிந்திருக்கிறது. அந்தப் படலத்துக்குள் பைகார்பனேட் ஊறி நிற்பதால், உள்ளே அளவு 2 என்றாலும் சுவரைத் தொடும் இடத்தில் ஏறத்தாழ 7 ஆகிவிடுகிறது. சுவரின் செல்கள் சில நாட்களுக்கு ஒரு முறை உதிர்ந்து புதிதாக முளைக்கின்றன. அடியில் ரத்த ஓட்டம் தாராளமாக இருக்கிறது. இவை அத்தனையையும் முடுக்கி வைத்திருப்பது புரோஸ்டாகிளாண்டின் என்ற ஒரு வேதிப்பொருள். ஆகவே புண் விழ அமிலம் கூடித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. காவல் தளர்ந்தால் வழக்கமான அமிலமே போதும்.

அறிகுறி பெரும்பாலும் மேல்வயிற்றில், நெஞ்சுக்குழிக்குக் கீழே, விரல் வைத்துக் காட்டக்கூடிய இடத்தில் வரும் எரிச்சலோ குடைச்சலோதான். முன்சிறுகுடல் புண் வெறும் வயிற்றில் வலிக்கும், சாப்பிட்டால் அடங்கும், நள்ளிரவு தாண்டித் தூக்கத்திலிருந்து எழுப்பிவிடும். இரைப்பைப் புண் சாப்பிட்டதும் வலிக்கும் என்பார்கள். இந்த வித்தியாசம் பாதிப் பேருக்குப் பொருந்தும், மீதிப் பேருக்குப் பொருந்தாது. வலியே இல்லாமல் நேரடியாக ரத்தக் கசிவில் தெரியவரும் புண்ணும் உண்டு, குறிப்பாக வயதானவர்களுக்கு.

இரவு ஷிப்டு தறி ஓட்டுகிறவரை எண்ணிப் பார்க்கலாம். எட்டு மணிக்குத் தறி ஏறுகிறார். ஒரு மணி, ஒன்றரை மணி வாக்கில் வயிறு குடைகிறது. பேக்கரியிலிருந்து வாங்கி வைத்த பன்னை டீயில் நனைத்துச் சாப்பிடுகிறார். பத்து நிமிடத்தில் குடைச்சல் நிற்கிறது. அவருக்கு இதிலிருந்து கிடைக்கும் முடிவு ஒன்றுதான்: பசியோடு இருந்ததால் வலி வந்தது, பசியோடு இருந்து இருந்தே புண்ணும் வந்தது. முதல் பாதி சரி. சாப்பாடு அமிலத்தை உறிஞ்சித் தணிப்பதால் வலி அடங்குகிறது. இரண்டாம் பாதி தவறு. ஏற்கெனவே இருக்கும் புண்ணில் அமிலம் பட்டு வலிக்கிறது, அவ்வளவே. வேளை தவறிச் சாப்பிடுவது உடம்புக்கு நல்லதில்லைதான். ஆனால் அது நல்ல சுவரில் பள்ளம் தோண்டாது. தமிழ்நாட்டில் வயிற்றுப்புண்ணைப் பற்றிய நம்பிக்கைகள் எல்லாம் இந்த ஒரு பன்னிலிருந்து கிளம்பியவை என்றுகூடச் சொல்லலாம்.

தென்னிந்தியாவுக்கும் இந்த நோய்க்கும் உள்ள உறவு பழையது. எவரெஸ்ட் சிகரத்துக்கு 1922ஆம் ஆண்டுப் பயணத்தில் சென்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் தியோடர் ஹோவர்ட் சோமர்வெல், மலையிலிருந்து இறங்கியதும் தெற்கே சுற்றிப் பார்க்க வந்தார். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து நெய்யூரில் லண்டன் மிஷன் மருத்துவமனையில் காத்துக் கிடந்த கூட்டத்தைப் பார்த்தவர், லண்டனில் காத்திருந்த வாழ்க்கையை விட்டுவிட்டு அங்கேயே தங்கினார். நெய்யூரில் அவரை மலைக்க வைத்த நோய் முன்சிறுகுடல் புண். புண் ஆறித் தழும்பாகி, குடல்வாய் சுருங்கி, சாப்பிட்டது இறங்காமல் வாந்தியெடுத்து எலும்பும் தோலுமாக வந்தவர்கள் ஏராளம். அவரும் ஐ.எம். ஆர் என்ற மருத்துவரும் 2500 நோயாளிகளை வைத்து 1936இல் பிரிட்டனின் அறுவை மருத்துவ இதழில் கட்டுரை எழுதினார்கள். ஒரு சிற்றூர் மருத்துவமனைக்கு அது மிகப் பெரிய எண்ணிக்கை.

காரணம் தேடியவர்கள் முதலில் சாப்பாட்டைத்தான் பிடித்தார்கள். குன்னூரில் ஆய்வகம் நடத்திய ராபர்ட் மெக்கேரிசன் எலிகளுக்கு இந்தியாவின் பல வட்டாரச் சாப்பாடுகளைக் கொடுத்துப் பார்த்தார். திருவிதாங்கூர் ஏழைகளின் மரவள்ளிக்கிழங்குச் சாப்பாட்டில் வளர்ந்த எலிகளுக்குப் புண் வந்தது, கோதுமை, பால், காய்கறி தின்ற எலிகளுக்கு வரவில்லை. பிறகு ரயில்வே மருத்துவர் எஸ்.எல். மல்ஹோத்ரா, 1964இல் எழுதிய கட்டுரையில், அரிசி உண்ணும் தெற்கில் இந்த நோய் அதிகம், கோதுமை உண்ணும் பஞ்சாபில் குறைவு என்று காட்டினார். மைசூரில் வேலை பார்த்த பிராங்க் டோவி என்ற அறுவை மருத்துவரும் பல ஆண்டுகள் இதே கேள்வியைத் துரத்தினார். சில தானியங்களிலும் பருப்புகளிலும் உள்ள கொழுப்புச்சத்து சுவரைக் காக்கிறது என்பது அவர் கண்ட திசை. இந்த ஆராய்ச்சிகள் வீண் போகவில்லை. ஆனால் புண்ணைத் தோண்டும் கை எது என்று அவை காட்டவில்லை.

இடைப்பட்ட காலத்தில் சிகிச்சை என்ற பெயரில் நடந்தவற்றை நினைத்தால் நோயாளிகள் மேல் இரக்கம் வரும். சிகாகோவின் பெர்ட்ரம் சிப்பி 1915இல் வகுத்த முறைப்படி மணிக்கு ஒரு தரம் பாலும் பாலேடும் புகட்டினார்கள். வாரக்கணக்கில் படுக்க வைத்தார்கள். கவலையால் வருகிறது, மனத்தை அடக்கு என்றார்கள். கடைசியில் கத்தி: இரைப்பையின் பாதியை வெட்டி எடுப்பது, அல்லது அமிலத்தைத் தூண்டும் வேகஸ் நரம்பை அறுத்து, இரைப்பையைச் சிறுகுடலோடு வேறு வழியில் இணைப்பது. எழுபது வயதைத் தாண்டியவர்களில் சிலர் வயிற்றின் நடுவே நீளமாக ஒரு தழும்போடு இருப்பார்கள். "அந்தக் காலத்துல குடல் ஆபரேசன்" என்று அவர்கள் சொல்வதில் பல இதுதான்.

முதல் திருப்பம் மருந்தில் வந்தது. ஜேம்ஸ் பிளாக் என்ற ஸ்காட்லாந்துக்காரர் அமிலச் சுரப்பைக் குறைக்கும் சிமெட்டிடினை உருவாக்கினார். 1976இல் அது விற்பனைக்கு வந்ததும் கத்திக்கு வேலை குறைந்தது. 1988இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பின்னால் வந்த ரானிடிடின் நம் ஊர் மருந்துக்கடைகளில் பல ஆண்டுகள் ராஜாவாக இருந்தது. புற்றுநோய் உண்டாக்கக்கூடிய மாசு அதில் சேர்வது தெரியவந்த பின், 2022இல் இந்தியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. இந்த மருந்துகள் புண்ணை ஆற்றின. நிறுத்தினால் ஒரு வருடத்துக்குள் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குப் புண் திரும்ப வந்தது. "அல்சர் வந்தா போகாது" என்ற பேச்சு இந்தக் காலத்தின் மிச்சம். அன்றைக்கு அது உண்மை.

இன்றைக்கு அது உண்மையில்லாமல் போனதற்குக் காரணம் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்து இரண்டு மருத்துவர்கள். திசுக்களைச் சோதிக்கும் ராபின் வாரன் 1979இல் இரைப்பைத் திசுவில் சுருண்டு நெளிந்த கிருமிகளைப் பார்த்தார். அமிலத்தில் எந்தக் கிருமியும் பிழைக்காது என்று பாடநூல்கள் சொன்ன காலம். 1981இல் பேரி மார்ஷல் என்ற இளம் மருத்துவர் அவரோடு சேர்ந்தார். நோயாளிகளின் திசுவிலிருந்து அந்தக் கிருமியை வளர்க்க முயன்று தோற்றுக்கொண்டே இருந்தார்கள். ஆய்வகத்தில் இரண்டு நாள் பார்த்துவிட்டுத் தட்டுகளைக் கொட்டிவிடுவது வழக்கம். 1982இல் ஈஸ்டர் விடுமுறையால் தட்டுகள் ஐந்து நாள் அப்படியே கிடந்தன. திரும்பி வந்து பார்த்தால் கிருமி வளர்ந்திருந்தது. அவசரப்படாமல் விட்டால் வளரும் கிருமி அது. யாரும் நம்பாததால் 1984இல் மார்ஷல் அந்தக் கிருமி கலந்த நீரைத் தானே குடித்தார். சில நாட்களில் குமட்டல், வாந்தி, வாய் நாற்றம். இரண்டு வாரத்துக்குள் எடுத்த எண்டோஸ்கோப்பியில் இரைப்பை முழுக்க அழற்சி, திசுவில் அதே கிருமி. 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு வந்தது. அந்தக் கிருமியின் இப்போதைய பெயர் ஹெலிகோபேக்டர் பைலோரி, சுருக்கமாக எச். பைலோரி.

அமிலத்தில் அது பிழைக்கும் விதம் வயலுக்கு யூரியா போட்ட எவருக்கும் சட்டென்று விளங்கும். யூரியா உடைந்தால் அம்மோனியா வரும். மூட்டை நனைந்து கிடந்தால் மூக்கில் ஏறும் அந்த நெடி. உடம்பிலும் இயல்பாகவே கொஞ்சம் யூரியா உண்டு. யூரியேஸ் என்ற நொதியால் கிருமி அதை உடைத்து, தன்னைச் சுற்றி அம்மோனியாவால் ஒரு திரை போட்டுக்கொள்கிறது. அம்மோனியா காரம் என்பதால் அருகில் உள்ள அமிலம் செத்துவிடுகிறது. இந்தத் திரைக்குள் இருந்தபடி வாலால் திருகித் திருகிச் சளிப்படலத்துக்குள் நுழைந்து, சுவரை ஒட்டி வருடக்கணக்கில் குடியிருக்கும். சுவர் அழற்சியாகிக் காவல் தளர்கிறது.

இந்தக் கிருமி பெரும்பாலும் சிறு வயதிலேயே, வீட்டுக்குள்ளேயே தொற்றிவிடுகிறது. வாயிலிருந்து வாய்க்கும், மலம் கலந்த தண்ணீரிலிருந்தும், கழுவாத கையிலிருந்தும். பத்துக்குப் பத்து லைன் வீட்டில் ஆறு பேர், நான்கு குடும்பத்துக்கு ஒரு கழிப்பறை, தாய் மென்று ஊட்டும் சோறு என்று இருந்தால் தொற்றுவதற்குத் தடையே இல்லை. ஆகவே முப்பது வயதுத் தறிக்காரரின் புண்ணுக்கு விதை அவர் குழந்தையாக இருந்தபோதே விழுந்திருக்கும். இந்தியாவில் வயது வந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களின் வயிற்றில் இந்தக் கிருமி இருக்கிறது. அவர்களில் பத்தில் ஒருவருக்கோ அதைவிடச் சற்றுக் கூடுதலானவர்களுக்கோதான் வாழ்நாளில் புண் வரும். பஞ்சாபிலும் கிருமி உண்டு, தெற்கிலும் உண்டு என்பதால், மெக்கேரிசனும் டோவியும் தேடிய உணவு விஷயம் இந்த இடத்தில் திரும்பவும் உயிர் பெறுகிறது. கிருமி தோண்டுகிறது, மற்றவை அதற்கு இடம் கொடுக்கின்றன. பீடியும் சிகரெட்டும் அப்படி இடம் கொடுப்பதில் முதல் வரிசை: புண் விழுவதைக் கூட்டும், ஆறுவதைத் தள்ளிப்போடும்.

புண்ணுக்கு இரண்டாவது பெரிய காரணம் வலி மாத்திரை. திருப்பூர் வட்டாரத்துக்கு இது முதல் காரணத்துக்குச் சமமான எச்சரிக்கை. எட்டு மணி நேரம் ஓவர்லாக் மிஷினில் குனிந்தவருக்கு முதுகுவலி, நாள் முழுக்க நின்று அயர்ன் பண்ணியவருக்குக் கால்வலி, தறிச் சத்தத்தில் நின்றவருக்குத் தலைவலி. கம்பெனி விட்டதும் மெடிக்கல் வாசலில் நின்று, "அண்ணா, உடம்பெல்லாம் வலிக்குதுங்ணா, ஒரு செட்டு போட்டுக் குடுங்க" என்று கேட்டால், சின்னக் காகிதக் கவரில் மூன்று நான்கு மாத்திரைகள் வரும். ஒன்று வெள்ளை, ஒன்று மஞ்சள், ஒன்று ரோஸ், அட்டையிலிருந்து பிரித்துப் போட்டிருப்பதால் எதற்கும் பெயர் இருக்காது. உள்ளே டைக்ளோபினாக், அசிக்ளோபினாக், ஐபுபுரூபன் போன்ற ஏதாவது ஒன்று நிச்சயம் இருக்கும். சில செட்டில் ஸ்டீராய்டும் சேர்ந்திருக்கும். இரண்டும் சேர்ந்தால் புண் வரும் ஆபத்து பல மடங்கு.

இந்த மாத்திரைகள் வலியைத் தூண்டும் புரோஸ்டாகிளாண்டினைத் தடுத்துத்தான் வலியைக் குறைக்கின்றன. இரைப்பையின் காவலை முடுக்கி வைத்திருப்பதும் அதே குடும்பம்தான். முதுகில் வலியை அணைக்கும்போது வயிற்றில் காவலும் அணைகிறது. "ஊசியாப் போட்டா வயித்துக்கு ஒண்ணும் ஆகாது" என்பது பரவலான நம்பிக்கை. மருந்து ரத்தம் வழியாகச் சுவருக்குப் போவதால் ஊசியும் அதையே செய்யும். சாப்பிட்டபின் போட்டாலும் செய்யும். இதய நோயாளிகள் தினமும் எடுக்கும் 75 மில்லிகிராம் ஆஸ்பிரினுக்கும் இந்தக் குணம் உண்டு, ஆனால் அதை யாரும் தாமாக நிறுத்திவிடக் கூடாது. கூடவே அமிலம் குறைக்கும் மாத்திரை வேண்டுமா என்று இதய மருத்துவரிடம் கேட்பதுதான் வழி. பாராசிட்டமால் இந்தக் குடும்பத்தில் சேராது. அளவோடு எடுத்தால் அது வயிற்றில் புண் போடுவதில்லை.

பெண்களுக்கு இன்னொரு வழியிலும் வலி மாத்திரை வந்து சேர்கிறது. 2019இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் பவுண்டேஷன் தமிழக ஆயத்த ஆடைத் தொழிலில் வேலை செய்யும் சுமார் 100 பெண்களிடம் பேசி ஒரு செய்தி வெளியிட்டது. மாதவிடாய் வலி என்று சொன்னால் வேலையிடத்திலேயே மாத்திரை கொடுக்கப்பட்டது, மாத்திரையின் பெயரும் பக்க விளைவும் சொல்லப்படவில்லை என்பது அதன் சாரம். அந்த மாத்திரைகள் ஐபுபுரூபன் வகை வலிநிவாரணிகள் என்று பார்த்த மருத்துவர்கள் கூறினார்கள். லீவு கேட்டால் மாத்திரை கிடைக்கும் இடத்தில், மாதம் தவறாமல் வெறும் வயிற்றில் விழும் அந்த மாத்திரைக்குக் கணக்கு வைப்பார் யாரும் இல்லை. விழுங்குகிற மாத்திரையின் பெயரைத் தெரிந்துகொள்வது ஒரு தொழிலாளியின் மிகச் சாதாரணமான உரிமை.

காரத்தின் மேல் விழுந்த பழியையும் இங்கேயே இறக்கிவிடலாம். 1984இல் டெல்லி மருத்துவர்கள் முன்சிறுகுடல் புண் உள்ளவர்களில் ஒரு பிரிவினருக்கு வழக்கமான சாப்பாட்டோடு தினமும் 3 கிராம் மிளகாய்த்தூள் கொடுத்துப் பார்த்தார்கள். நான்கு வாரம் கழித்து மிளகாய் தின்றவர்களுக்கும் தின்னாதவர்களுக்கும் ஒரே மாதிரி புண் ஆறியிருந்தது. சிங்கப்பூரில் 1995இல் வந்த ஆய்வில், புண் வந்த சீனர்கள் புண் இல்லாதவர்களைவிடக் குறைவாகவே மிளகாய் சாப்பிட்டிருந்தார்கள். காரம் எரிச்சலைக் கூட்டலாம். எரிந்தால் குறைத்துக்கொள்ளலாம். புண்ணை உண்டாக்கியது அது இல்லை. பாலும் அப்படித்தான், தலைகீழாக: குடித்ததும் குளிர்ச்சி, சற்று நேரத்தில் பாலின் புரதமும் கால்சியமும் அமிலத்தைத் திரும்பத் தூண்டும். மணத்தக்காளிக் கீரையும் தேங்காய்ப்பாலும் நல்ல உணவு, தாராளமாகச் சாப்பிடலாம், கிருமியைக் கொல்லும் என்று மட்டும் நம்ப வேண்டாம்.

இனி, புண் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது. வயிற்றை அமுக்கிப் பார்த்தோ, ஸ்கேன் எடுத்தோ சொல்ல முடியாது. அல்ட்ராசவுண்டு ஸ்கேன் பித்தப்பைக் கல்லைக் காட்டும், இரைப்பைப் புண்ணைக் காட்டாது. எண்டோஸ்கோப்பிதான் வழி. ஆறிலிருந்து எட்டு மணி நேரம் வெறும் வயிறு. தொண்டையில் மரத்துப்போகும் மருந்தைத் தெளிப்பார்கள். இடப்பக்கமாகப் படுக்க வைத்து, பல்லுக்கு நடுவே ஒரு வளையம் கொடுத்து, சுண்டுவிரல் பருமனில் ஒரு குழாயை விழுங்கச் சொல்வார்கள். ஓங்கரிப்பு வரும், கண்ணில் நீர் வரும், மூக்கால் மூச்சு விட்டால் அடங்கும். ஐந்து, பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். திரையில் புண் இருந்தால் வெளிறிய அடியும் சிவந்த கரையுமாக ஒரு குழி தெரியும்.

அதே குழாய் வழியாக அரிசி நொய் அளவு திசுவைக் கிள்ளி எடுப்பார்கள். யூரியா கலந்த மஞ்சள் நிறக் களிம்பில் அதை வைத்தால், கிருமி இருக்கும் திசு யூரியாவை உடைக்க, களிம்பு மஞ்சளிலிருந்து ரோஜா நிறத்துக்கு மாறும். சில நேரம் நோயாளி சட்டை போட்டுக்கொண்டு வெளியே வருவதற்குள்ளேயே நிறம் ஏறியிருக்கும். குழாய் விடாமல் மூச்சுப் பரிசோதனையாலும் மலப் பரிசோதனையாலும்கூடக் கிருமியைக் கண்டுபிடிக்கலாம். இந்தச் சோதனைகளுக்கு இரண்டு வாரம் முன்பே பான்டோபிரசோல், ஒமிபிரசோல் போன்ற மாத்திரைகளையும், நான்கு வாரம் முன்பே ஆன்டிபயாட்டிக்கையும் நிறுத்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் இருக்கும் கிருமி இல்லை என்று வரும். ரத்தத்தில் பார்க்கும் பரிசோதனை கிருமி செத்த பிறகும் பல மாதங்கள் இருப்பதாகவே காட்டும்.

எரிச்சல் என்று வரும் எல்லோருக்கும் குழாய் தேவைப்படாது. எடை குறைவது, விழுங்கும்போது அடைப்பது, ரத்தசோகை, கறுத்த மலம், ஓயாத வாந்தி, ஐம்பதைத் தாண்டிய வயதில் புதிதாகத் தொடங்கும் வலி ஆகியவற்றில் ஒன்று இருந்தால் தள்ளிப்போடவே கூடாது. குழாய் விட்டுப் பார்த்தவர்களில் பலருக்கு உள்ளே ஒன்றும் இருக்காது. அமிலம் மேலே ஏறுவதோ, குடலின் கூச்சமோ காரணமாக இருக்கும். அதுவும் நல்ல செய்திதான். அல்சர்காரர் என்ற பட்டம் அன்றோடு போய்விடும்.

புண்ணும் கிருமியும் உறுதியானால் சிகிச்சை பெரும்பாலும் 14 நாள். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை ஒன்று, கூடவே இரண்டு ஆன்டிபயாட்டிக். அமாக்சிசிலினும் கிளாரித்ரோமைசினும் வழக்கமான ஜோடி. இடத்துக்குத் தகுந்தபடி மெட்ரோனிடசோல் அல்லது டினிடசோல், டெட்ராசைக்ளின், பிஸ்மத் ஆகியவற்றைச் சேர்ப்பதும் உண்டு. பேதி என்றாலே மெட்ரோனிடசோல் வாங்கிப் போட்டுப் பழகிய நம் நாட்டில் கிருமிகள் அந்த மருந்துக்கு மரத்துப்போயிருக்கின்றன. மருத்துவர் கூடுதலாக ஒரு மருந்து எழுதினால் அதற்குக் காரணம் பெரும்பாலும் அதுதான். பெனிசிலின் ஒவ்வாமை இருப்பவர்கள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

இந்த 14 நாளில் தவறு நடக்கும் இடங்கள் சில. அமில மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் போட வேண்டும். சாப்பாடு வந்ததும் விழித்துக்கொள்ளும் அமிலப் பம்புகளைத்தான் அது அடைக்கிறது, தூங்கும் பம்பை அடைக்காது. சீட்டில் "காலை, இரவு" என்று எழுதியிருப்பது பகலில் வேலை பார்ப்பவருக்கான கணக்கு. இரவு ஷிப்டுக்காரர் வேலைக்குப் போகுமுன் சாப்பிடும் சாப்பாட்டையும், காலையில் வீடு வந்து சாப்பிடும் சாப்பாட்டையும் இரு வேளையாக வைத்துக்கொள்ளலாம். மெட்ரோனிடசோலோ டினிடசோலோ இருந்தால் மது அறவே கூடாது, சனிக்கிழமை சம்பளம் வாங்கினாலும். சேர்ந்தால் வாந்தியும் படபடப்பும் வரலாம், மருந்தும் பாதியில் நின்றுபோகும். வாயில் இரும்புச் சுவை தட்டும். பிஸ்மத் மலத்தைக் கறுப்பாக்கும், மருந்தை முடித்தால் மாறிவிடும்.

மிகப் பெரிய தவறு நான்காம் நாள் நடக்கிறது. அமிலம் குறைந்ததும் மூன்று நாளில் வலி போய்விடும். "சரியாப் போச்சு" என்று மீதி அட்டை பீரோ மேல் ஏறிவிடும். கிருமி பாதி செத்து, மீதி அந்த மருந்துக்குப் பழகிக்கொள்ளும். அடுத்த முறை அதே மருந்து வேலை செய்யாது. வலி நின்றது அமில மாத்திரையால். கிருமியைக் கொல்ல மீதி பத்து நாளும் வேண்டும்.

வலி மாத்திரையால் வந்த புண்ணுக்கு அந்த மாத்திரையை நிறுத்துவதே முதல் மருந்து, பிறகு எட்டு வாரம் வரை அமில மாத்திரை. மூட்டுவாதம் போன்றவற்றுக்கு வலி மாத்திரை தவிர்க்க முடியாது என்றால், அமில மாத்திரையின் துணையோடுதான் எடுக்க வேண்டும். ரோஸ் நிற ஆன்டாசிட் டானிக் நிமிடங்களில் எரிச்சலை அடக்கும், ஒன்றிரண்டு மணி நேரத்தில் அதன் வேலை முடிந்துவிடும். புண்ணின் காரணத்தை அது தொடாது. காரணம் தெரியாமல் பான்டோபிரசோலை வருடக்கணக்கில் விழுங்குவதும் சரியில்லை. நீண்ட காலத்தில் பி12, மக்னீசியம் குறையலாம், எலும்பும் பலவீனமாகலாம். திடீரென நிறுத்தினால் சில வாரம் அமிலம் பொங்கும். அதைப் பார்த்துப் பயந்து திரும்பத் தொடங்குகிறவர்களே அதிகம்.

சிகிச்சை பெறாத புண் மூன்று விதமாக முற்றும். ரத்தக்குழாயை அரித்தால் மலம் தார் போலக் கறுத்து, பிசுபிசுத்து, துர்நாற்றத்தோடு போகும். வாந்தி காப்பித்தூள் கலந்த மாதிரி வரும். இன்று பெரும்பாலும் எண்டோஸ்கோப்பி வழியாகவே ஊசி போட்டோ, கிளிப் மாட்டியோ, சூடு வைத்தோ ரத்தத்தை நிறுத்திவிடுகிறார்கள். சுவர் துளைத்துக்கொண்டால் கத்தியால் குத்தியது போல ஒரே நொடியில் வலி தொடங்கும். வயிறு பலகை மாதிரி இறுகும், அசைந்தாலே உயிர் போகும். நோயாளி எந்த நிமிடம் வலி வந்தது என்று சொல்லக்கூடிய வலி அது. எக்ஸ்ரேயில் உதரவிதானத்துக்குக் கீழே பிறை போல் காற்று தெரியும். அன்றே அறுவை செய்து, வயிற்றுக்குள்ளிருக்கும் கொழுப்புத் திரையின் ஒரு மடிப்பால் ஓட்டையை அடைப்பார்கள். மூன்றாவது நெய்யூரில் சோமர்வெல் பார்த்தது: குடல்வாய் சுருங்கி, நேற்றுச் சாப்பிட்ட சோறு இன்று வாந்தியில் வருவது. முதல் இரண்டில் எதுவானாலும் ஆட்டோவில் மெடிக்கலுக்குப் போவதற்குப் பதில் 108ஐ அழைத்து, அறுவை அரங்கு உள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இன்னொன்றும் இதே அவசரத்தைச் சேர்ந்தது. இதயத்தின் அடிப்பகுதியில் வரும் மாரடைப்பு சில நேரம் மேல்வயிற்று எரிச்சலாகவே தோன்றும். வியர்வை, மூச்சுத்திணறல், தாடைக்கோ கைக்கோ பரவும் கனம், தலைச்சுற்றல் ஆகியவற்றில் ஒன்று கூடவே இருந்தால், குறிப்பாக நாற்பதைத் தாண்டியவருக்கும் சர்க்கரை உள்ளவருக்கும், சோடாவும் ஆன்டாசிட்டும் குடித்துக் காத்திருக்கக் கூடாது. முதலில் ஈ.சி.ஜி.

இரைப்பையில் இருந்த புண்ணை எட்டிலிருந்து பன்னிரண்டு வாரத்தில் மீண்டும் எண்டோஸ்கோப்பி பார்ப்பது வழக்கம், ஏனென்றால் இரைப்பைப் புற்றுநோயும் புண் போலவே தோன்றக்கூடும். 1994இல் உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு எச். பைலோரியைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் வகுப்பில் சேர்த்தது. முன்சிறுகுடல் புண்ணில் அந்தப் பயம் மிகக் குறைவு, வலி நின்றுவிட்டால் திரும்பக் குழாய் விடத் தேவையில்லை. இரண்டுக்கும் பொதுவானது, கிருமி போனதா என்று பார்க்கும் கடைசிப் பரிசோதனை. மருந்து முடித்து நான்கு வாரம் கழித்து, மூச்சிலோ மலத்திலோ பார்க்க வேண்டும். வலி இல்லாததால் பெரும்பாலானவர்கள் இதற்குத்தான் திரும்பி வருவதில்லை. கிருமி இருந்தால் வேறு மருந்துகளோடு இன்னொரு 14 நாள். இல்லை என்று வந்துவிட்டால், வலி மாத்திரையும் பீடியும் இல்லாதவரை, பத்தில் ஒருவருக்குக்கூடப் புண் திரும்புவதில்லை.